சிறார் மூட்டுவாதம், தசை, உடற்பயிற்சி: நீலகிரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி வட்டாரத்தில் பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி பார்க்கிறேன். மூட்டுவாதம் வந்த பிள்ளைகளின் அம்மா, அப்பா, பாட்டி என்று யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றில் பாதிக்கு அடியில் இருப்பது ஒரே பயம்: பிள்ளை அசைந்தால் மூட்டு கெட்டுப்போகும். அந்தப் பயத்தால் பிள்ளைகள் மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடப்பதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. அதில் நான் கை வைக்கவில்லை.

ஏழு வயசுதான் ஆகுது. இந்த வயசுல மூட்டுவாதம் வருமா? அது பாட்டிக்குத்தானே வரும்?

வரும். ஒரு வயதுக் குழந்தைக்குக்கூட வந்திருக்கிறது. பாட்டிக்கு வருவது பெரும்பாலும் தேய்மானம். பிள்ளைக்கு வருவது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு செல்கள் மூட்டின் உள்சவ்வில் கூடி, அங்கே எந்தக் கிருமியும் இல்லாமலேயே சண்டை போடுகின்றன. சவ்வு தடித்து நீர் கோக்கிறது, மூட்டு வீங்குகிறது. 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் தென்படாவிட்டால் டாக்டர்கள் அதை ஜே.ஐ.ஏ. (ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்) என்று எழுதுவார்கள்.

ஒரே பெயர் என்றாலும் பல வகை உண்டு. முதல் 6 மாதத்தில் நான்கு மூட்டுக்குள் நிற்பது ஒரு வகை, ஐந்து அல்லது அதற்கு மேல் போவது இன்னொன்று. காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து உடம்பு முழுவதையும் பிடிப்பது மூன்றாவது. தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் வலி வருவது, சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு சேர்ந்து வருவது என்று இன்னும் உண்டு. மூட்டுவாதத்துக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து 'ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், அதனால் ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்த நோய் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது நெகட்டிவாகத்தான் இருக்கும்.

எங்க ஊர் பனியாலதான் வந்துச்சா? கீழ எங்கயாவது குடி போயிடலாமா?

பனி இந்த நோயைக் கொண்டுவராது. சென்னையிலும் மதுரையிலும் வெயிலில் வளரும் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. ஆனால் மார்கழியில் புல்வெளி வெள்ளையாக உறையும் காலையில் தசை இறுகும், விறைப்பு கூடுதலாகத் தெரியும். பிள்ளை சொல்வது உண்மைதான், அதை நம்புங்கள். இதற்காக வேலையையும் பள்ளியையும் விட்டு மேட்டுப்பாளையத்துக்குக் குடிபோக வேண்டியதில்லை. கம்பளிக் காலுறை, முழங்காலுக்கு ஒரு உறை, பயிற்சிக்கு முன் வெந்நீர் ஒத்தடம் போதும்.

வலிக்குதுன்னு அழுறா. ஸ்கூலுக்கு அனுப்பாம, நடக்க விடாம கொஞ்ச நாள் வெச்சிருந்தா சரியாகிடாதா?

மூட்டு சூடாக வீங்கியிருக்கும் ஓரிரண்டு நாள், ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்தி ஓய்வு கொடுப்பது சரி. அதற்கு மேல் ஓய்வு நீண்டால் கெடுதல். வீங்கிய முழங்காலை மடக்கி வைத்தால் வலி குறைவாக இருக்கும். அதனால் பிள்ளை எப்போதும் மடக்கியே வைத்திருக்கும். நீங்களும் பாவமாக இருக்கிறதே என்று அடியில் தலையணை வைப்பீர்கள். வாரங்கள் போகப் போக, பின்பக்கத் தசைகள் குறுகி, கால் நீட்ட முடியாமல் மடங்கியே நின்றுவிடும். அதைத் திருப்பி நேராக்குவது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டவே வேண்டாம். குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் முழங்கால் தானாக நேராகும். தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வைத்தால் இடுப்பும் முழங்காலும் நீளும்.

ஒரு கால் மட்டும் சூம்பிப் போன மாதிரி இருக்கே? நரம்பு கிரம்பு ஏதாவதா?

பெரும்பாலும் நரம்புக் கோளாறு இல்லை. வீங்கிய முழங்காலுக்கு மேலே உள்ள தொடைத் தசை மெலிவது இந்த நோயில் சர்வசாதாரணம். சும்மா உட்கார்ந்திருப்பது அதற்கு ஒரு காரணம்தான். மூட்டுக்குள் நீர் கோத்ததும், அங்கிருந்து தண்டுவடத்துக்குப் போகும் செய்தி தொடைத் தசையை அடக்கி வைக்கிறது. பிள்ளை முழு முயற்சி எடுத்தாலும் தசை முழுதாக இறுகாது. நோயே இல்லாத முழங்காலில் உப்புநீரை ஏற்றிப் பார்த்த சோதனைகளிலேயே இது தெரிந்தது. வலி இல்லாவிட்டாலும் நீர் மட்டும் போதும், தசை அடங்கிவிடும்.

இன்னொரு காரணம் ரத்தத்தில் சுற்றும் அழற்சிப் பொருட்கள், அதாவது வீக்கத்தையும் சூட்டையும் தூண்டும் புரதங்கள். டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகியவை நீண்ட நாள் கூடுதலாக இருந்தால் தசைப் புரதம் கட்டுவதைவிடக் கரைவது அதிகமாகும். பசியும் குறையும். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் இடுப்பு, தோள் பக்கத் தசைகளும் பலம் இழக்கும். நான் ஒவ்வொரு முறையும் டேப் வைத்து இரண்டு தொடைகளையும் முழங்கால் சில்லிலிருந்து ஒரே உயரத்தில் அளப்பது இதற்குத்தான். அந்த வித்தியாசம் குறைகிறதா என்பது எனக்கு மிக முக்கியம்.

சில சமயம் நோயுள்ள கால் கொஞ்சம் நீளமாகவும் இருக்கும். சிறு வயதில் அழற்சியால் முழங்காலுக்கு ரத்த ஓட்டம் கூடி, பக்கத்து எலும்பு வேகமாக வளர்ந்துவிடுவதால் வருவது அது. நீளம், மெலிவு இரண்டையும் பார்த்துவிட்டு 'நல்ல கால்தான் குட்டை' என்று பயப்படுபவர்கள் உண்டு. அளந்து பார்த்து, தேவையென்றால் குட்டையாக உள்ள காலின் செருப்பை உயர்த்திக் கொடுப்போம்.

உடற்பயிற்சி செஞ்சா வீக்கம் அதிகமாகாதா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அளவாகச் செய்யும் பயிற்சி நோயைக் கூட்டுவதில்லை. அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு ஒன்றை, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2008இல் வெளியிட்டது. பயிற்சியால் பிள்ளைகளுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை என்றது. நன்மை எவ்வளவு என்பதை உறுதியாகச் சொல்ல அப்போதிருந்த ஆய்வுகள் போதவில்லை என்றும் சொன்னது. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன். அதன் பிறகு 2013இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வில் பிள்ளைகள் 12 வாரம், வாரம் மூன்று முறை கயிறு தாண்டி, எடை வைத்தும் பயிற்சி செய்தார்கள். தசை பலம் கூடியது, பயிற்சியைப் பிள்ளைகள் நன்றாகத் தாங்கினார்கள். மூட்டுவாதம் உள்ள பிள்ளை ஸ்கிப்பிங் ஆடலாமா என்று ஒரு காலத்தில் யாரும் கேட்கக்கூடத் துணிந்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் ஒரு சின்ன அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து மூட்டு வலி முன்பைவிட அதிகமாக இருந்தால், அடுத்த முறை குறைத்துச் செய்யுங்கள். நிறுத்த வேண்டாம். தொடையின் நடுவில், இரண்டு காலிலும், தொட்டால் வலிப்பது தசை வலி. ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். மூட்டே வீங்கி, சூடாகி, மறுநாள் காலை விறைப்பு நீண்டால் அது நோய் கிளம்புவது. டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

மேட்டுல ஏறும்போது ஒண்ணும் சொல்லலை, இறங்கும்போதுதான் வலிக்குதுங்கறா. நடிக்கிறாளா?

நடிக்கவில்லை. மலைப்பிள்ளைகளுக்கே உரிய சிரமம் இது, சமவெளியில் எழுதப்படும் அறிவுரைகளில் அதிகம் வராது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும், வண்டியின் பிரேக் மாதிரி. தசையை ஏறுவதைவிட அதிகம் நோகவைக்கும் வேலை இது. முழங்கால் சில்லின் மேல் அழுத்தமும் ஏறும். தசை ஏற்கெனவே மெலிந்திருந்தால், பிரேக் போட ஆள் இல்லாமல் மூட்டே முழுதும் தாங்குகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் தோட்டத்துப் படிகள் உயரமாகவும் ஈரமாகவும் இருக்கும், கேட்கவே வேண்டாம்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். சிறு அடி வைத்து, சரிவில் நேராக இறங்காமல் குறுக்காகச் சாய்ந்து இறங்கச் சொல்லுங்கள். புத்தகப் பையை நீங்களோ அண்ணனோ தூக்குங்கள். முடிந்தால் ஒரு செட் புத்தகத்தைப் பள்ளியிலேயே வைக்கச் சொல்லலாம். நோய் அடங்கிய பிறகு இதே இறக்கத்தைப் பயிற்சியாக மாற்றுகிறோம்: தாழ்ந்த ஒரு படியிலிருந்து மெதுவாக இறங்கி ஏறுவது. பிரேக் தசையை அதுதான் திரும்பக் கட்டும். மூட்டு வீங்கியிருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள்.

சரி, என்ன பயிற்சி? எவ்வளவு நேரம்?

பிள்ளைக்குப் பிள்ளை மாறும், ஆனால் வரிசை மாறாது. வீக்கம் இருக்கும்போது மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்குவது: முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை ஐந்து எண்ணும் வரை அழுத்திவிட்டு விடுவது, காலை நேராகத் தூக்குவது. பயிற்சி முடிந்ததும் துண்டை எடுத்துவிடுங்கள், தலையணை பற்றி மேலே சொன்னதை மறக்க வேண்டாம். வீக்கம் குறைந்ததும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. அடங்கியபின் சைக்கிள், கயிறு, பந்து. கை மணிக்கட்டு பாதித்த பிள்ளைக்குச் சப்பாத்தி மாவு பிசைவதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. மாவு கொஞ்சம் தளர்வாக, வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

5 முதல் 17 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் நாளுக்கு 60 நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் பிள்ளைகளின் இலக்கும் அதுதான், ஆனால் பத்து நிமிடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பிள்ளைக்குப் பிடித்ததாக இருந்தால்தான் தொடரும். நடனம் ஆடும் பிள்ளையை ஆட விடுங்கள்.

காலையில கட்டை மாதிரி எந்திரிக்கறா. பஸ் ஏழரைக்கு. என்ன பண்றது?

முக்கால் மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். போர்வைக்குள்ளேயே கை, கால் மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டட்டும். பிறகு வெந்நீரில் குளியல், அல்லது வெந்நீர்ப் பையை பத்து நிமிடம் துணி சுற்றி வைப்பது. சூட்டோடு சூடாக நீட்டிப் பழக்குங்கள். விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று நோட்டில் எழுதி வந்தால் டாக்டருக்கு அது ரத்தப் பரிசோதனை அளவுக்கு உதவும்.

தைலம் தேய்ச்சு நல்லா நீவி விடலாமா?

தொடை, கெண்டைக்கால் தசையை இதமாகத் தேய்த்துவிடலாம். வீங்கிய மூட்டின் மேல் அழுத்தி நீவக் கூடாது. இழுத்து நேராக்குகிறேன் என்று யாரையும் கை வைக்க விடாதீர்கள். எலும்பு பலவீனமாக இருக்கும் பிள்ளைக்கு முறிவு ஏற்படலாம்.

கீழ சம்மணம் போட்டு உட்காரலாமா?

உட்கார முடிந்தால் உட்காரட்டும், மணிக்கணக்கில் வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை காலை நீட்டச் சொல்லுங்கள்.

கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குது. இதுவும் மூட்டுவாதமா?

பல பிள்ளைகளுக்கு ரத்தசோகையும் சேர்ந்திருக்கும். அழற்சி நீடிக்கும்போது, மேலே சொன்ன இன்டர்லூகின்-6 ஈரலைத் தூண்டி, உடம்பு இரும்புச்சத்தைப் பூட்டி வைக்கும்படி செய்துவிடுகிறது. கீரையும் பேரீச்சையும் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாமல் நிற்பது இதனால்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் கடற்கரையைவிடக் குறைவு. ரத்தசோகையும் மேடும் சேர்ந்தால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? நோய் அடங்கினால் ரத்தமும் ஏறும். காய்ச்சலோடு வரும் வகையில் இதயத்தைச் சுற்றி நீர் கோக்கவும் வாய்ப்புண்டு. நெஞ்சு வலியோ, படுத்தால் மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எதிர்ப்பு சக்தி தப்பா வேலை செய்யறதாலதான் நோய்னு டாக்டர் சொன்னார். உடற்பயிற்சி செஞ்சா எதிர்ப்பு சக்தி கூடும்ங்கறாங்க. அப்போ நோயும் கூடுமே?

நல்ல கேள்வி. ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டார். நோய் எதிர்ப்பு என்பது ஒரே அளவாக ஏறி இறங்கும் சக்தி கிடையாது. தாக்கும் செல்கள் உண்டு, தாக்குதலை அடக்கும் செல்களும் உண்டு. வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த நீரில் நியூட்ரோபில், மேக்ரோபேஜ், டி செல்கள் என்று பல வகை எதிர்ப்பு செல்கள் இருக்கும். அடக்கும் டி செல்களும் அங்கே இருக்கின்றன, ஆனால் தாக்கும் செல்கள் அவற்றின் பேச்சைக் கேட்பதில்லை. பிரச்சினை அங்கேதான்.

ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அட்ரினலினும் ரத்த ஓட்டமும் சேர்ந்து, நாளச் சுவர்களிலும் மண்ணீரலிலும் ஒதுங்கியிருக்கும் வெள்ளை அணுக்களை ஓட்டத்துக்குள் கொண்டுவருகின்றன. இயற்கைக் கொல்லி செல்கள் முதலில் வரும். ஓட்டம் நின்று ஓரிரண்டு மணி நேரத்தில் லிம்போசைட் (டி செல், இயற்கைக் கொல்லி செல் போன்ற வெள்ளை அணுக்கள்) எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கீழே போய், ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வரும். அவை அழிந்துபோவதில்லை, பெரும்பாலும் உடம்பின் மற்ற இடங்களுக்கு ரோந்து போகின்றன என்பதுதான் இப்போது பல ஆய்வாளர்களின் கருத்து. இந்தத் தற்காலிக ஏற்ற இறக்கத்தால் மூட்டுச் சண்டை பெரிதாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

இன்டர்லூகின்-6 கெட்டதுன்னு அதைத் தடுக்க ஊசி போடறாங்க. பயிற்சி செஞ்சா அதே கூடும்னு படிச்சேன். எது சரி?

இரண்டும் சரி. வேலை செய்யும் தசையே இன்டர்லூகின்-6ஐ வெளிவிடுகிறது என்பதைக் கோபன்ஹேகனில் பென்டே பெடர்சனின் குழு காட்டியது. தசை வெளிவிடும் இத்தகைய பொருட்களை மயோகைன் என்கிறார்கள். பயிற்சியில் அது டி.என்.எஃப். துணையில்லாமல் வருகிறது, சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 அதன் பின்னால் கூடுகிறது. நோயில் வருவதோ டி.என்.எஃப்.போடு சேர்ந்து, வாரக்கணக்கில், இறங்காமல் நிற்பது. 2003இல் வந்த ஒரு சோதனையில், மூன்று மணி நேரம் சைக்கிள் மிதித்த ஆரோக்கியமான ஆண்களுக்குச் சிறிதளவு பாக்டீரியா நச்சு ஏற்றியபோது, சும்மா இருந்தவர்களுக்கு ஏறிய டி.என்.எஃப். இவர்களுக்கு ஏறவில்லை.

ஆனால் அது பெரியவர்களிடம், நோயில்லாதவர்களிடம் செய்தது. மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. ஆகவே 'பயிற்சி அழற்சியைக் குணப்படுத்தும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தசைக்காகவும் எலும்புக்காகவும் பயிற்சி செய்கிறோம். அழற்சிக்கும் கொஞ்சம் நன்மை கிடைத்தால் அது கூடுதல்.

ஓடிட்டு வந்த கையோட ரத்தம் கொடுத்தோம். வெள்ளை அணு கூடியிருக்குன்னு ரிப்போர்ட். பயமா இருக்கு.

ஓடும்போது வெள்ளை அணுக்கள் ஏறுவதைப் பற்றி மேலே சொன்ன பதிலைப் பாருங்கள். கடும் ஓட்டத்துக்குப் பிறகு அப்படி வரலாம், நியூட்ரோபில் சில மணி நேரம் கூடியே இருக்கும். ஆனால் தொற்று, ஸ்டீராய்டு, நோய் கிளம்புவது எதனாலும் கூடலாம், அதனால் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள். ரத்தம் கொடுக்கும் நாளில் பிள்ளை அமைதியாக இருக்கட்டும்.

தினமும் பயிற்சி செய்யறா, நல்லாத்தான் இருக்கா. மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திடலாமா?

கூடாது. நீங்களாக ஒருபோதும் நிறுத்தாதீர்கள். பிள்ளை பயிற்சி செய்ய முடிவதே மருந்து அழற்சியை அடக்கியதால்தான். அந்த மருந்து வேலை காட்டவே 6 முதல் 12 வாரம் ஆகும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து அது. நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தவறிப்போய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மருந்து போட்ட மறுநாள் குமட்டலாக இருந்தால் அன்று பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம்.

ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வீக்கமும் இல்லை. இன்னும் மத்தப் பிள்ளைங்க மாதிரி ஓட முடியலையே?

ஏனென்றால் மருந்து தசையைக் கட்டித் தராது. நோய் அடங்கிய பிறகும் தசை பலம் குறைந்தே இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் பயிற்சியை விடுவதும் சரியாக இந்தக் கட்டத்தில்தான். வலி போய்விட்டதல்லவா, இனி எதற்கு என்று. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது. வீக்கமில்லாத இந்த மாதங்களில்தான் தசையை உண்மையாகக் கட்ட முடியும்.

கூடவே புரதம் வேண்டும். முட்டை, பயறு, பால், முடிந்தால் மீன். ராகி நம் மலைக்குப் புதிதில்லை. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஸ்டீராய்டு எடுத்த பிள்ளையின் எலும்புக்கு அதுவும் வெயிலும் வேண்டும். மேகம் விலகும் நேரம் பார்த்து வெளியே விடுங்கள்.

எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற ஊசி போடறோம். கூட்டத்துல விளையாட விடலாமா? சளி பிடிச்சா?

விளையாடட்டும். காய்ச்சல் இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். அம்மை போட்ட பிள்ளையோடு பழகிவிட்டால், உடம்பில் கொப்புளம் வரும்வரை காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்துகளை அவரைக் கேட்காமல் போட வேண்டாம். இந்த ஊசிகளுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்வது, அடங்கிக் கிடக்கும் காசநோய் எழும்பாமல் இருக்க. வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் மறைக்காதீர்கள்.

மூட்டு நோய்க்கு எதுக்கு கண் டாக்டர்?

கண்ணுக்குள்ளும் அழற்சி வரும். பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது, பிள்ளைக்கும் தெரியாது. பார்வை குறையும்போதுதான் தெரியும். ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை ஸ்லிட் லேம்ப் என்ற கருவியால் கண்ணுக்குள் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை தேவை. மூட்டு டாக்டரைப் பார்க்கக் கோவைக்கு இறங்கும் நாளிலேயே கண்ணையும் சேர்த்துப் பார்க்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போ பயிற்சியே செய்யக் கூடாது?

காய்ச்சல் நாட்களில். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்ட முதல் ஓரிரண்டு நாள், கடுமையாக எதுவும். கழுத்து மூட்டு பாதித்த பிள்ளை, டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை, குட்டிக்கரணம் அடிப்பதும் தலையால் பந்து முட்டுவதும். ஒரே மூட்டு திடீரென நெருப்பாகச் சுட்டு, கடும் காய்ச்சலோடு கால் ஊன்றவே முடியாமல் போனால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை போக வேண்டும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் எலும்பு வலி, எடை இறங்குவது, வெளிறிப்போவது இருந்தாலும் தாமதிக்காதீர்கள், வேறு நோய்களையும் பார்க்க வேண்டிவரும்.

பி.டி. மாஸ்டர் 'உனக்கு முடியாது, ஓரமா உட்காரு'ங்கறாராம். என்ன சொல்றது?

அவரும் பயத்தில்தான் சொல்கிறார், யாரும் அவருக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எல்லா விளையாட்டிலும் சேரலாம், வலித்தால் பிள்ளையே நிறுத்திக்கொள்ளும், அப்படி நிறுத்தினால் வற்புறுத்தவோ கேலி செய்யவோ வேண்டாம். வீக்கம் உள்ள வாரங்களில் ஸ்கோர் எழுதுவது, விசில் ஊதுவது என்று மைதானத்திலேயே ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். வகுப்பறை மாடியில் இருந்தால் கீழ்த்தளத்துக்கு மாற்றவும், நீண்ட தேர்வுகளில் நடுவே எழுந்து நின்று கையை உதற அனுமதிக்கவும் அதே கடிதத்தில் கேட்கலாம். மணிக்கட்டு பாதித்த பிள்ளை பொதுத்தேர்வு எழுதும் வருடம் என்றால், கூடுதல் நேரம் பற்றித் தலைமையாசிரியரிடம் ஜூனிலேயே பேசிவிடுங்கள், கடைசி மாதம் வரை விட்டுவைக்க வேண்டாம்.